ஒரே பிறை, பாலத்தின் இரு பக்கம் இரு பெருநாளா?

சிங்கப்பூருக்கும், பாலத்துக்கு அந்தப் பக்கம் மலேசியாவின் ஜொகூருக்கும் நோன்புப் பெருநாள் ஏன் வேறு வேறு நாளில் வந்தது என்று கேட்டிருந்தீர்கள். அளவுகோல் ஒன்றுதான் சகோ, அறிவிப்பவர்கள்தான் வேறு. 2022 மே 2 அன்று ஜொகூரில் உங்கள் மாமியார் வீட்டில் பெருநாள், சிங்கப்பூரில் உங்களுக்கு இன்னும் நோன்பு என்று நடந்தது அதனால்தான்.

புரூணை, இந்தோனேசியா, மலேசியா, சிங்கப்பூர் நான்கும் ஏற்ற விதி: சூரியன் மறையும்போது பிறை 3 டிகிரி உயரத்திலும், சூரியனிலிருந்து 6.4 டிகிரி விலகியும் இருக்க வேண்டும். மே 1 மாலை அந்த 6.4தான் இழுபறி. மலேசியாவின் வடமேற்குத் தீவான லங்காவியில் சூரியன் சிங்கப்பூரைவிட ஏறத்தாழ 20 நிமிடம் பிந்தி மறைகிறது. அதற்குள் நிலா இன்னும் கொஞ்சம் விலகிவிடும். எல்லைக்கோட்டில் நிற்கும் பிறைக்கு அதுவே பெரிய விஷயம். முடிவைச் சொல்வதோ சிங்கப்பூரில் முஃப்தி, மலேசியாவில் அரச முத்திரைக் காப்பாளர்.

வானத்தைக் காட்டும் ஸ்டெல்லேரியம் செயலியில் அந்தத் தேதியை வைத்து, சிங்கப்பூர், லங்காவி, இந்தோனேசியாவின் பண்டா ஆச்சே மூன்றிலும் மக்ரிப் (சூரியன் மறையும்) நேர விலகலைப் பாருங்கள். மேற்கே போகப் போக எண் ஏறும்.

ஒன்று: செயலி காட்டுவது கணக்கு மட்டுமே, கண்ணால் பார்த்த சாட்சியம் அதில் வராது. அடுத்த முறை பாலம் கடக்கும் நாளில் நோன்பை என்ன செய்வது என்பதை உங்கள் பள்ளிவாசல் இமாமிடமே கேளுங்கள். நான் ஆலிம் இல்லை.