பூல் கியூவை எப்படிப் பராமரிப்பது? ஷாஃப்ட் ஒட்டினால் உப்புத்தாள் போடலாமா?

சென்னையில் இருக்கிறீர்கள், சொந்தமாக ஒரு மேப்பிள் மரக் கியூ (பூல் ஆடும் கோல்) வாங்கியிருக்கிறீர்கள். அதன் ஷாஃப்ட், அதாவது மெல்லிய முன்பகுதி, நீலம் பாரித்துக் கையில் ஒட்டுகிறது, பூல் பார்லரில் ஒருவர் உப்புத்தாளால் தேய்க்கச் சொன்னார், கியூ வளைந்துவிட்டதோ என்ற சந்தேகமும் இருக்கிறது என்று கேட்டிருக்கிறீர்கள்.

முதலில் உப்புத்தாள். வேண்டவே வேண்டாம். பூல் கியூவின் ஷாஃப்ட், டிப் (பந்தைத் தொடும் தோல் நுனி) பக்கம், குறுக்களவில் 13 மில்லிமீட்டர் அல்லது அதற்கும் கொஞ்சம் குறைவு, அவ்வளவுதான். ஒவ்வொரு முறை தேய்க்கும்போதும் அதிலிருந்து மரம் போகிறது, கூடவே ஃபெரூலும் (டிப்புக்கு அடியில் உள்ள வளையம்) மெலிகிறது. கியூ செய்தவர் கணக்குப் பார்த்துக் கொடுத்த சரிவு மாறிவிடும். தேய்த்த அன்று வழவழவென்று சுகமாகத்தான் இருக்கும். ஆனால் மரத்தின் மேல் இருந்த மெல்லிய பூச்சும் சேர்ந்து போய்விடுவதால், அடுத்த வாரமே வியர்வையையும், டிப்பில் பூசும் சாக் கட்டியின் தூளையும் முன்னைவிட வேகமாக இழுக்கும். மறுபடி உப்புத்தாளைத் தேடுவீர்கள். நல்ல கியூக்கள் பல இப்படித்தான் வீணாகின்றன. பார்லர்களில் இந்த யோசனையை யார் சொல்லக் கேட்டாலும் நான் குறுக்கே பேசிவிடுவேன்.

ஒட்டுவதற்குக் காரணம் கை வியர்வையும் எண்ணெய்ப் பசையும் சாக் தூளோடு சேர்ந்து படிவதுதான். இப்போது நாம் போடும் சாக்கில் இருப்பது சிலிக்காவும் அரம் போல உரசும் தூள்களும். 1897இல் வில்லியம் ஸ்பிங்க்ஸ் என்ற ஆட்டக்காரரும் வில்லியம் ஹாஸ்கின்ஸ் என்ற வேதியியலாளரும் காப்புரிமை வாங்கிய வகை அது. டிப் பந்தில் வழுக்காமல் பிடிப்பதற்கு அந்தச் சொரசொரப்பு வேண்டும். ஆனால் அதே தூள் ஷாஃப்டில் படிந்திருக்கும்போது அழுத்தித் தேய்த்தால் மரத்தில் கீறல் விழும். அதனால் ஆட்டம் முடிந்ததும், தூள் இறுகுவதற்கு முன்பே, காய்ந்த மைக்ரோஃபைபர் துணியால் லேசாகத் துடைத்துவிடுங்கள். ஆடுவதற்கு முன் கையைக் கழுவி நன்றாகத் துடைத்துக்கொள்ளுங்கள். இந்த இரண்டும் பழக்கமாகிவிட்டால் பெரிய சுத்தம் அபூர்வமாகத்தான் தேவைப்படும். டால்கம் பவுடர் பக்கம் போகாதீர்கள். வியர்வையோடு சேர்ந்து அது மாவாகிவிடும். கை ரொம்ப வியர்க்கும் என்றால் மூன்று விரல் கையுறை போட்டுக்கொள்ளலாம்.

ஏற்கெனவே படிந்த நீலத்துக்கு: துணியில் கொஞ்சம் ஐசோபுரோபைல் ஆல்கஹால் தொட்டு, ஷாஃப்டை மட்டும் நீளவாக்கில் துடையுங்கள். துணியில்தான் ஊற்ற வேண்டும், மரத்தில் நேரடியாக ஊற்றக் கூடாது. பட் (கியூவின் தடித்த பின்பகுதி) பக்கத்து வார்னிஷிலும் கைப்பிடி நூலிலும் படவிடாதீர்கள். ஆல்கஹால் சீக்கிரம் ஆவியாகிவிடும் என்பதால் மரத்துக்குத் தொல்லை குறைவு. தண்ணீர் அப்படியில்லை, மரநாரை எழுப்பிவிடும். காய்ந்த பிறகு ஒரு வழவழப்பான தோல் துண்டால் ஷாஃப்டைச் சுற்றிப் பிடித்து, உள்ளங்கை சுடும் வரை வேகமாகத் தேய்த்துவிடுங்கள். அந்தச் சூட்டில் நார் படிந்து இறுகும். வழவழப்புக்கு இதைவிட நல்ல வழி இல்லை என்பது என் கருத்து. கடைசியில் கியூவுக்கென்று விற்கும் மெழுகை மிக மெல்லிசாகப் பூசித் துடைத்துவிடலாம். கொஞ்சம் நீலச் சாயல் அப்புறமும் தங்கும். தங்கட்டும், ஆட்டத்துக்கு அதனால் ஒன்றும் இல்லை.

எங்காவது இடித்துச் சின்னப் பள்ளம் விழுந்திருந்தால் மட்டும் தண்ணீர் உதவும். ஈரமான டிஷ்யூவைச் சிறிதாகக் கிழித்து, பள்ளத்தின் மேல் மட்டும் சில நிமிடம் வைத்தால் நசுங்கிய நார் ஊறி மேலே வரும். நன்றாகக் காயவிட்டுத் தோலால் தேய்த்துவிடுங்கள். நார் அறுந்திருந்தால் இது பலிக்காது.

நீங்கள் கேட்கவே கேட்காத ஒன்று டிப். உங்கள் கவனத்தில் பெரும் பங்கு அங்கேதான் போக வேண்டும். டிப் பந்தைத் தொடும் நேரம் ஒரு வினாடியில் ஆயிரத்தில் ஒரு பங்கு அளவுதான்; நீங்கள் கொடுக்கும் ஸ்பின் எல்லாம் அதற்குள் நடந்து முடிகிறது. தட்டையான டிப்பை வைத்துக்கொண்டு பந்தின் ஓரத்தில் அடித்தால் விளிம்புதான் படும், வழுக்கிவிடும். டிப்பின் வளைவை அமெரிக்காவின் நிக்கல் (5 சென்ட்) அல்லது டைம் (10 சென்ட்) நாணயத்தின் வட்டத்தோடு ஒப்பிட்டுச் சொல்வார்கள். இப்போதைய சிறிய 1 ரூபாய் நாணயம் கிட்டத்தட்ட நிக்கல் அளவு. அதை டிப்புக்குப் பின்னால் பிடித்துப் பக்கவாட்டில் பாருங்கள். வளைவு ஒத்துப்போனால் சரி, இல்லையென்றால் ஷேப்பரால் (டிப்புக்கு வடிவம் கொடுக்கும் கருவி) கொஞ்சம் கொஞ்சமாகச் சரிசெய்யுங்கள். டிப் ஃபெரூலை மீறிக் காளான் போல விரிந்திருந்தால் ஓரத்தைச் சீவ வேண்டும். தோல் பளபளவென்று இறுகி சாக் பிடிக்காமல் போனால் முள் கருவியால் லேசாகக் குத்தி விடுங்கள். ஓரத்தில் தோலின் உயரம் ஒன்றரை மில்லிமீட்டருக்கு வந்துவிட்டால் மாற்றிவிடுவது நல்லது. அதற்கு மேலும் ஓட்டினால் அடியின் அதிர்ச்சி ஃபெரூலுக்கு நேராகப் போய் அது விரிசல் விடலாம். பிரேக் ஷாட்டுக்கு (ஆட்டத்தைத் தொடங்கும் பலமான அடி) பார்லர் கியூவை எடுத்துக்கொள்ளுங்கள், உங்கள் டிப் நெடுநாள் உழைக்கும். சாக்கை டிப்பின் மேல் வைத்துத் திருகாமல், தூரிகையால் வண்ணம் பூசுவது மாதிரி பக்கவாட்டில் தடவுங்கள்.

வளைவைப் பார்க்க, கியூவை மேஜையில் உருட்டி முடிவுக்கு வந்துவிடாதீர்கள். மேஜைத் துணியின் மேடுபள்ளமும் கைப்பிடி நூலின் தடிப்பும் ஏமாற்றும். ஷாஃப்டையும் பட் பகுதியையும் தனித்தனியாகக் கழற்றி, ஒவ்வொன்றையும் கண்ணுக்கு நேராகப் பிடித்து மெல்லச் சுழற்றுங்கள். இரண்டும் நேராக இருந்து, பூட்டிய பிறகு மட்டும் கோணலாகத் தெரிந்தால், இரண்டும் சேரும் ஜாயின்ட் முகத்தில் அழுக்கு இருக்கலாம். துடைத்துப் பூட்டிப் பாருங்கள், பெரும்பாலும் சரியாகிவிடும். ஷாஃப்டே வளைந்திருந்தால் வீட்டில் நிமிர்த்தப் பார்க்காதீர்கள். கொஞ்ச வளைவோடு நன்றாக ஆடலாம். அதிகம் என்றால் ஷாஃப்டை மட்டும் மாற்றலாம், ஆனால் ஜாயின்ட் திருகு வகை ஒத்துப்போக வேண்டும்.

இனி வளையாமல் இருக்க, ஆடி முடித்ததும் கழற்றி உறையில் போடுங்கள். சுவரில் சாய்த்து வைக்காதீர்கள், வெயிலில் நிற்கும் காரில் விடாதீர்கள். கடலோரக் காற்றின் ஈரத்துக்கு உறைக்குள் சிலிக்கா ஜெல் பை ஒன்று போதும். ஏசி அறையிலிருந்து வெளியே வந்ததும் உறையைத் திறக்க வேண்டாம். குளிர்ந்த மரத்தில் ஈரம் படியும்.