கலவரமா? (கடிதம்)

அன்புள்ள ஆசிரியருக்கு,
அமெரிக்காவில் 1865இல் அடிமைமுறை ஒழிந்த பிறகும் தென்மாநிலங்களில் அத்தனை கலவரங்கள் நடந்திருக்கின்றன. அரசு ஏன் தடுக்கவில்லை? விடுதலை பெற்றவர்கள் ஏன் எதிர்த்து நிற்கவில்லை?
க., கோவை

அன்புள்ள க.,

இதையெல்லாம் தேடிப் படிக்கிறீர்களே, அதுவே சந்தோஷம். ஆனால் ‘கலவரம்’ என்ற சொல்லைப் பார்த்ததும் எரிச்சல் வந்துவிட்டது.

பல வருஷங்களுக்கு முன் நண்பர் ஒருவரோடு லூசியானா பக்கம் காரில் போனபோது கோல்ஃபாக்ஸ் என்ற சிற்றூரில் இறங்கினேன். நீதிமன்றத்தருகே மாநில அரசு வைத்த பலகை. ‘கோல்ஃபாக்ஸ் கலவரம்’ என்று தலைப்பு. செத்தவர்கள் மூன்று வெள்ளையர், 150 கறுப்பர் என்று அதிலேயே எழுதியிருந்தது. மூன்றுக்கு நூற்றைம்பது! இது கலவரமா ஐயா? அந்த ஊர்க் கல்லறைத் தோட்டத்தில் அந்த மூவருக்கு மட்டும் ஒரு தூண். வெள்ளையர் மேலாதிக்கத்துக்காகப் போரிட்டு வீழ்ந்த வீரர்களாம். அதிலும் ‘கலவரம்’தான்.

எதிர்த்து நிற்கவில்லை என்கிறீர்கள். யார் சொன்னது? 1872 மாநிலத் தேர்தலில் வென்றது யார் என்ற தகராறில் அந்த நீதிமன்றத்தைக் காக்கக் கறுப்பர்கள் சுற்றிலும் பதுங்குகுழி வெட்டிக்கொண்டு நின்றார்கள். 1873 ஏப்ரல் 13, ஈஸ்டர் ஞாயிறு. தாக்க வந்த வெள்ளையர்களிடம் பீரங்கி இருந்தது. கட்டடத்துக்குத் தீ வைத்தார்கள். சரணடைந்தவர்களைப் பிடித்துவைத்து, இரவில் சுட்டுக் கொன்றார்கள். கைதியைச் சுடுவதற்குக் கலவரம் என்றா பெயர்? அப்படிச் சொன்னால் இரண்டு பக்கமும் தப்பு என்றாகிவிடுகிறது, விசாரணையும் அதோடு முடிந்துவிடுகிறது. இனி எனக்கு எழுதும்போது படுகொலை என்றே எழுதுங்கள்.

அரசு தடுக்கவே இல்லை என்பதும் சரியல்ல. கறுப்பர்களை அடித்தும் கொன்றும் மிரட்டிய வெள்ளையர் ரகசியக் கும்பலான கூ க்ளக்ஸ் கிளானை ஒடுக்க 1870, 1871இல் சட்டங்கள் வந்தன. அதிபர் கிராண்ட் தென் கரோலினாவின் ஒன்பது மாவட்டங்களில் ஆட்கொணர்வு உரிமையையே, அதாவது கைதானவர் தன்னை நீதிமன்றத்தில் நிறுத்தக் கோரும் உரிமையையே, நிறுத்திவைத்துப் படையை இறக்கினார். நூற்றுக்கணக்கானோர் கைதானார்கள், கிளான் அடங்கியது. ஆக, மனம் வைத்தால் முடிந்திருக்கிறது. ஆனால் கோல்ஃபாக்ஸ் வழக்கில் குற்றம் சாட்டப்பட்ட 97 பேரில் தண்டனை பெற்றது மூன்றே பேர். 1876இல் உச்ச நீதிமன்றம் அவர்களையும் விட்டுவிட்டது. எல்லாக் குடிமக்களுக்கும் சட்டத்தின் சமப் பாதுகாப்பைத் தந்த அரசியல் சட்டத்தின் பதினான்காவது திருத்தம் மாநில அரசுகளைத்தான் கட்டுப்படுத்துமாம், தனிமனிதர்களை அல்லவாம். கொன்றது அரசு இல்லையே, பக்கத்து ஊர்க்காரன்தானே! அடுத்த வருஷமே தெற்கில் காவலுக்கு நின்ற படையும் முகாமுக்குத் திரும்பிவிட்டது.

அந்தப் பலகையை 2021இல் அகற்றினார்கள். 2023இல் கொல்லப்பட்டவர்களின் பெயர் பொறித்த கருங்கல் நினைவுச்சின்னம் எழும்பியது. நண்பர் படம் அனுப்பியிருந்தார். பெரிதாக்கி, ஒவ்வொரு பெயராக வாய்விட்டுப் படித்துக்கொண்டிருந்த நேரத்தில்தான் உங்கள் கடிதம் வந்தது.