பச்சையா, நீலமா? – கடிதம்

அன்புள்ள ஐயா,

எனக்கு டப்ளினில் வேலை. பக்கத்து மாவட்டமான மீத்தில், ஆஷ்போர்னில் வீடு வாங்கியிருக்கிறோம். அயர்லாந்தின் சொந்த விளையாட்டான கேலிக் கால்பந்தில் இந்த இரண்டும் பரம வைரிகள். அலுவலகம் முழுக்க டப்ளின் நீலம். மகன் சேர்ந்த கிளப்பில் மீத்தின் பச்சை. பைசா சம்பளமில்லாத விளையாட்டுக்கு இத்தனை வெறுப்பா? நம் ஊர்ச் சண்டை போலத்தானே? மகனை இதில் விடலாமா?

எஸ்.

அன்புள்ள எஸ்.,

எதைப் பார்த்தாலும் ‘நம் ஊர் போல’ என்று சொல்லிவிட்டால் அப்புறம் அதைப் பார்க்கவே வேண்டாம், சௌகரியம். சம்பளம் அவர்கள் கவலை, உங்களுக்கெதற்கு? ஆனால் ‘வெறுப்பு’ என்று எழுதியிருக்கிறீர்களே, அதை விடமாட்டேன்.

1991 ஜூன். குரோக் பார்க் மைதானம், லெயின்ஸ்டர் மாகாண முதல் சுற்று. தோற்றால் அந்த வருடமே முடிந்தது. டப்ளினும் மீத்தும் சமன். மறு ஆட்டமும் சமன். மூன்றாவதும் சமன். ஜூலை 6 அன்று நான்காவது. குறுக்குக் கம்பத்துக்கு மேலே அடித்தால் 1 புள்ளி, வலைக்குள் அடித்தால் 3. கடைசி நிமிடங்களில் மீத் 3 புள்ளி பின்னால். தங்கள் எல்லைக்கோட்டிலிருந்து கைமாற்றிக் கைமாற்றிக் கொண்டுபோன பந்தை வலைக்குள் சேர்த்தவர் கெவின் ஃபோலி, தடுப்பாட்டக்காரர்! டப்ளின் மூச்சு விடுமுன் டேவிட் பெகி மேலே ஒன்று அடித்தார். 16க்கு 15.

பல வருடங்களுக்கு முன் நவன் ஊருக்கு வெளியே ஒரு வயதான தம்பதியின் வீட்டில் மூன்று இரவு தங்கினேன். அவர் மீத், அந்த அம்மாள் டப்ளின். சாப்பிட்டதும் இந்த ஆட்டத்தின் கேசட்டைப் போட்டார். டப்ளினுக்குப் பெனால்டி கிடைத்ததும் எழுந்து டீ போடப் போய்விட்டார். அது வீணாகப் போகும் என்று அவருக்குத் தெரியாதா என்ன? ஃபோலியின் கோல் நெருங்கியதும் அம்மாள் எழுந்து கோழிக்கூட்டைச் சாத்தப் போனார். ஒருவர் போவதை மற்றவர் கண்டுகொள்ளவில்லை. மறுநாளும் அதே கேசட், அதே டீ, அதே கோழிக்கூடு.

இதற்கு வெறுப்பு என்றா பெயர்?

அந்தப் பகைக்கு நிஜமாகவே உயிர் போனது 2011க்குப் பிறகு. மாகாணக் கோப்பையை டப்ளின் தொடர்ந்து 14 முறை எடுத்தது. அங்கே 14 லட்சத்துக்கு மேல் ஜனம், மீத்தில் 2 லட்சத்துச் சொச்சம். தோல்வி நிச்சயம் என்றால் கோபம் எங்கிருந்து வரும்? பக்கத்து வீட்டுக்காரன் ஏசுவதை நிறுத்திவிட்டு நம்மைப் பார்த்து ‘பாவம்’ என்பதைவிடக் கேவலம் உண்டா? 2025 ஏப்ரலில், 15 வருடம் கழித்து, போர்ட்லீஷ் ஊரில் மீத் டப்ளினை மறுபடி ஜெயித்தது. செய்தி படித்ததும் எனக்கு அந்தக் கோழிக்கூடுதான் ஞாபகம் வந்தது.

மகனை மறந்தே போனேன். இருக்கிற ஊருக்கு ஆடுவதுதான் அங்கே வழக்கம். பச்சைச் சட்டை வாங்கிக் கொடுங்கள். திங்கட்கிழமை அலுவலகத்தில் நீங்கள் வாங்கிக் கட்டிக்கொள்ளுங்கள்.