விசாவுக்கு 12 போதும், பட்டத்துக்குப் போதாது

கேள்வி: மகள் ஏ.எல். கலைப்பிரிவில் சித்தியடைந்தும் பல்கலைக்கழக அனுமதிக்கான இசட் புள்ளி போதாமல் கம்பஸ் கிடைக்கவில்லை. கலிபோர்னியாவில் ஒரு கொம்யூனிட்டி கொலேஜில் இரண்டு வருட சமூக விஞ்ஞானப் படிப்புக்கு அனுமதி வந்திருக்கிறது. செமஸ்டருக்கு 12 கிரெடிட் (பாட அலகு) எடுத்தால் போதும் என்கிறார் முகவர். சமூகவியல் படிக்கப் போகிறவளுக்குக் கணிதமும் விஞ்ஞானமும் எதற்கு என்று கேட்கிறாள் மகள்.
– ஒரு தாய், வெள்ளவத்தை

பதில்: 12 என்பது அமெரிக்க மாணவர் விசாவான எஃப்-1 கேட்கும் ஆகக்குறைந்த அளவு. இந்த இரண்டு வருடப் பட்டத்துக்கு வேண்டியது 60. நான்கு செமஸ்டரும் 12 வீதம் எடுத்தால் 48தான் சேரும். மிச்சத்துக்குக் கோடை வகுப்போ ஐந்தாவது செமஸ்டரோ தேவைப்படும். அதற்கும் கட்டணம், வாடகை எல்லாம் டொலரில்தான். ஆகவே 15 என்று திட்டமிடுங்கள். அப்படி எடுத்தால் ஒரு பாடம் சரிவராமல் இடையில் விட்டாலும் 12 மிஞ்சும். 12 மட்டும் எடுத்த பிள்ளை ஒன்றை விட்டால் விசா நிலையே ஆட்டம் காணும். கல்லூரியின் வெளிநாட்டு மாணவர் அதிகாரியிடம் முன்கூட்டியே அனுமதி பெறாமல் எந்தப் பாடத்தையும் இடையில் விடக்கூடாது. ஒன்லைன் பாடங்களால் இதை நிரப்பவும் முடியாது. செமஸ்டரில் ஒரேயொரு ஒன்லைன் பாடம்தான், அதுவும் 3 கிரெடிட் வரைதான், இந்த 12க்குள் எண்ணப்படும்.

15 கிரெடிட் என்றால் வாரம் 15 மணித்தியாலம் வகுப்பு, வீட்டில் அதன் இரு மடங்கு படிப்பு. வளாகத்துக்குள் வாரம் 20 மணித்தியாலம் வரை வேலை செய்ய விசா இடம் தரும். முதல் செமஸ்டரில் அந்த ஆசை வேண்டாம்.

இனி மகளின் கேள்வி. அங்கே 60இல் பாதிக்கு மேல், எந்தத் துறையினரும் எடுக்க வேண்டிய பொதுப்பாடங்கள். கலிபோர்னியாவின் நான்கு வருட அரச பல்கலைக்கழகத்துக்கு மாறுவதானால், 2025 இலையுதிர்காலம் முதல் சேர்வோருக்கு 'கால்-கெட்சி' என்ற 34 கிரெடிட் திட்டம் இருக்கிறது: ஆங்கிலக் கட்டுரை, விமர்சனச் சிந்தனை, பேச்சு மூன்றுக்கும் 9, கணிதம் 3, கலை, இலக்கியம், தத்துவம் போன்றவை 6, இரு வேறு துறைகளிலிருந்து சமூக விஞ்ஞானம் 6, ஆய்வுகூடத்தோடு விஞ்ஞானம் 7, இனத்துவக் கற்கை 3. ஒவ்வொன்றிலும் குறைந்தது சி தரம் வேண்டும். டி வந்தால் அந்தப் பாடம் இந்தத் திட்டத்தில் சேராது.

பிள்ளைகள் சறுக்குவது சமூகவியலில் அல்ல, கணிதத்தைத் தள்ளிப்போடுவதில்தான். அல்ஜிப்ராவை விட்டுப் புள்ளிவிபரவியலை எடுக்கச் சொல்லுங்கள். உளவியலுக்கு அது கட்டாயம். ஆய்வுமுறைப் பாடத்துக்குள் நுழையவும் பெரும்பாலும் அதை முதலில் கேட்பார்கள். ஆங்கிலக் கட்டுரை முடியாமல் விமர்சனச் சிந்தனைக்கு இடமில்லை. எனவே புள்ளிவிபரவியலும் ஆங்கிலக் கட்டுரையும் முதல் செமஸ்டரிலேயே. விஞ்ஞானத்தில் விரிவுரையை மட்டும் எடுத்து ஆய்வுகூடத்தை மறப்பவர்கள் கடைசித் தவணையில்தான் முழிப்பார்கள்.

பதிவுக்கு முன், மகள் எந்தப் பல்கலைக்கழகத்துக்கு மாற நினைக்கிறாள் என்பதை முடிவெடுத்து, கல்லூரிப் பாடம் ஒவ்வொன்றும் அங்கே எதற்கு ஈடாகும் என்று 'அசிஸ்ட்' இணையத்தளத்தில் பார்க்கட்டும். ஏ.எல். பாடங்களுக்குச் சில கல்லூரிகள் கிரெடிட் தருவதுண்டு. பரீட்சைத் திணைக்களத்தில் பெறுபேற்றுச் சான்றிதழை ஆங்கில மொழியில் எடுத்து, இப்போதே மின்னஞ்சலில் கேட்டு வையுங்கள்.