சிங்லிஷில் 'லா'வை எங்கே சேர்ப்பது?

கேள்வி: வேலைக்காகச் சிங்கப்பூர் போகிறேன். அங்கே பேசுகிற ஆங்கிலத்தில் வாக்கியக் கடைசியில் 'லா' சேர்த்தால் போதுமா?

போதாது. கண்ட இடத்தில் 'லா' போட்டால் கிண்டல் செய்கிறீர்கள் என்றே எடுத்துக்கொள்வார்கள். தமிழில் 'தெரியும்', 'தெரியுமே', 'தெரியுமாம்' மூன்றும் ஒன்றாகுமா? சிங்லிஷ் எனப்படும் சிங்கப்பூர்ப் பேச்சு ஆங்கிலத்தின் கடைசி ஒட்டுகளும் அதே மாதிரிதான்.

'கேன்' என்ற ஒரே சொல்லை எடுத்துக்கொள்ளுங்கள். 'கேன்?' என்றால் முடியுமா. 'கேன்' என்றால் முடியும். 'கேன் லா' என்றால் அதெல்லாம் முடியும், கவலையை விடு. 'கேன் லோர்' என்றால் சரி, வேறென்ன செய்ய, அப்படியே வைத்துக்கொள்வோம். 'கேன் மே?' என்றால் நிஜமாகவே முடியுமா, எனக்கு நம்பிக்கையில்லையே. 'கேன் ஹோர்?' என்றால் முடியும்தானே, சரியா? இந்த 'மே', 'லோர்' இரண்டும் கான்டனீஸ் என்ற சீன மொழியிலிருந்து வந்தவை என்பது பொதுவான கருத்து.

புதிதாக வருபவர்கள் அதிகம் சறுக்குவது கேள்வியில்தான். ஆம், இல்லை என்று பதில் வரவேண்டிய கேள்வியில் 'லா' ஒட்டாது. 'யூ கமிங் லா?' தப்பு, 'யூ கமிங் ஆ?' சரி. 'வர்றியா' என்று கேட்டுப் பழகிய நாக்குக்கு இது சுலபம். இன்னொன்று, குரல். 'கம் லா' என்று இழுத்தால் அழைப்பு, வெட்டிச் சொன்னால் எரிச்சல். மேலதிகாரியிடம் இரண்டாவது வாயில் வந்துவிடக் கூடாது.

'ஆல்ரெடி'யை முதலில் பழகுங்கள். 'ஐ ஈட் ஆல்ரெடி' கொச்சை ஆங்கிலமாகக் காதில் விழும். ஆனால் அது 'சாப்பிட்டாச்சு' என்பதற்கு அச்சு அசலான இணை. வினைச்சொல்லைக் காலத்துக்கு மாற்றாமல், முடிந்துவிட்டது என்பதைத் தனிச் சொல்லால் காட்டுகிற முறை அது. 'வேர் காட் டைம்?' என்பதும் அப்படித்தான். 'நேரம் எங்க இருக்கு?' என்று நாம் கேட்டால் நேரம் இல்லை என்று பொருள், இடத்தையா விசாரிக்கிறோம்? மலாயில் 'மானா அடா' என்பார்கள், அதே தொனி. ஆகவே இதை 'உடைந்த ஆங்கிலம்' என்று ஒதுக்குபவர்களோடு எனக்கு உடன்பாடில்லை. இதற்கு இலக்கணம் உண்டு, தப்பாகப் பேசினால் ஊர்க்காரர் உடனே கண்டுபிடித்துவிடுவார்.

அதே நேரம், 2000-ல் அரசு 'ஸ்பீக் குட் இங்கிலிஷ்' இயக்கத்தைத் தொடங்கியதும் உண்மை. 2016-ல் ஆக்ஸ்ஃபோர்டு ஆங்கில அகராதி 'ஷியோக்' (அருமை), 'ஆங் மோ' (வெள்ளைக்காரர்) போன்ற சிங்லிஷ் சொற்களைச் சேர்த்துக்கொண்டதும் உண்மை. நேர்காணல், அலுவலக மின்னஞ்சல், வாடிக்கையாளர் கூட்டம் ஆகியவற்றுக்குப் பொது ஆங்கிலம். அதே ஆள் சாப்பாட்டு நேரத்தில் சிங்லிஷுக்கு மாறிவிடுவார். அந்த மாற்றம் எந்த நொடியில் நடக்கிறது என்று முதல் மாதம் கவனியுங்கள், அதற்குள் 'லா' வேண்டாம்.

பேசிப் பார்க்க நல்ல இடம் கோப்பிக் கடை. வெறும் 'கோப்பி' கேட்டால் கெட்டிப்பால் ஊற்றித் தருவார்கள். பால் வேண்டாமென்றால் 'கோப்பி ஓ', அதில் சர்க்கரையும் வேண்டாமென்றால் 'கோப்பி ஓ கோசோங்'. கடைக்காரர் பெரியவராக இருந்தால் 'அங்கிள், கோப்பி ஓ கோசோங், தாபாவ், கேன்?' என்று கேளுங்கள். தாபாவ் என்றால் பார்சல். 'கேன், கேன்' என்று பதில் வரும்.