அந்தச் சிவப்பு உண்மையா?

அன்புள்ள ஐயா,

சென்ற மாதம் நண்பர் ஒருவரின் 6 அங்குலத் தொலைநோக்கியில் ஓரியன் நெபுலா என்னும் விண்வெளி வாயு மேகத்தைப் பார்த்தேன். படங்களில் கண்ட சிவப்பும் ஊதாவும் துளிகூட இல்லை. சாம்பல் நிறத்தில் மங்கலான புகைபோல ஏதோ தெரிந்தது. அப்படியானால் நாம் காணும் படங்களெல்லாம் கணினியில் வண்ணம் தீட்டியவைதானா? என்னிடம் ஒரு சாதாரண டி.எஸ்.எல்.ஆர். கேமராவும் 50 மி.மீ. லென்ஸும் முக்காலியும் உள்ளன. தெருவிளக்குகளுக்கு நடுவே இருக்கும் எங்கள் மொட்டைமாடியிலிருந்து நானே படமெடுக்க முடியுமா? விண்மீன்களோடு சேர்ந்து திரும்பும் டிராக்கர் கட்டாயம் வேண்டுமா?

அன்புடன்,
ஒரு வாசகர், மதுரை

அன்புள்ள நண்பருக்கு,

நீங்கள் கண்ட சாம்பல் நிறமும் உண்மை, படத்திலுள்ள சிவப்பும் உண்மை. மங்கிய ஒளியில் நம் விழித்திரையில் வேலை செய்பவை நிறம் அறியாத கோல் செல்கள். நிறம் அறியும் கூம்பு செல்களை எழுப்பும் அளவுக்கு அந்த நெபுலாவின் ஒளி செறிவாக இல்லை. அதிலும் 656 நானோமீட்டர் அலைநீளத்தில் ஹைட்ரஜன் உமிழும் ஆழ்ந்த சிவப்பைக் கோல் செல்கள் ஏறக்குறைய உணர்வதே இல்லை. கண் ஒளியை நெடுநேரம் சேர்த்து வைப்பதுமில்லை. கேமரா சேர்க்கிறது, வேறுபாடு அவ்வளவுதான்.

இதை உலகுக்குக் காட்டியவர்களில் ஒருவர் உங்களையும் என்னையும் போன்ற ஆர்வலர் என்பதில் எனக்குத் தனி மகிழ்ச்சி உண்டு. அமெரிக்கரான ஹென்றி டிரேப்பர் 1880-இல் இதே நெபுலாவை முதன்முதலாகப் படமெடுத்தார். அடுத்து 1883-இல், சுகாதாரப் பொறியாளராகப் பணியாற்றிய ஆண்ட்ரூ எய்ன்ஸ்லி காமன், லண்டனை அடுத்த ஈலிங்கில் தம் வீட்டுத் தோட்டத்தில் நிறுவிய 36 அங்குலத் தொலைநோக்கியால் எடுத்த படத்தில், அதே தொலைநோக்கி வழியே கண்ணால் பார்த்தபோது தெரியாத விண்மீன்களும் பதிவாகியிருந்தன.

உங்கள் மாடிக்கு வருவோம். டிராக்கர் இப்போது வேண்டாம் என்பதே என் கருத்து. அதன் அச்சைத் துருவ நட்சத்திரத்தை நோக்கித் திருப்ப வேண்டும். மதுரையிலோ அது அடிவானத்திலிருந்து 10 பாகை உயரத்தில்தான் நிற்கிறது. வடக்கே ஒரு தென்னையோ தண்ணீர்த் தொட்டியோ இருந்தால் போதும், மறைந்துவிடும். இணையத்தில் கிடைக்கும் செய்முறைகளில் பெரும்பாலானவை வடதுருவத்துக்கு நெருங்கிய நாட்டவர் எழுதியவை என்பதால் இந்தத் தொல்லையை அவை பேசுவதில்லை.

முக்காலியே போதும். வானம் மணிக்கு 15 பாகை நகர்கிறது. ஓரியன் வான நடுக்கோட்டின் (பூமியின் நடுக்கோட்டுக்கு நேர் மேலே வானில் செல்லும் கோட்டின்) மேலேயே இருப்பதால் அங்கே இந்த நகர்வு முழு அளவில் தெரியும். 500-ஐக் குவியத் தூரத்தால், அதாவது லென்ஸின் மி.மீ. எண்ணால், வகுத்தால் வரும் வினாடிகள் வரை திறக்கலாம் என்ற பழைய விதி 50 மி.மீ. லென்ஸுக்கு 10 வினாடி தருகிறது. ஆனால் சிறு பிக்சல்கள் கொண்ட இன்றைய கேமராவில் அவ்வளவு நேரம் திறந்தால் விண்மீன்கள் கோடாகிவிடும். 3 அல்லது 4 வினாடியோடு நிறுத்துங்கள். லென்ஸைக் கையால் குவியப்படுத்தி, ஒரு பிரகாசமான விண்மீனைத் திரையில் பெரிதாக்கி, அது மிகச் சிறிய புள்ளியாகும் இடத்தில் விட்டுவிடுங்கள். ஒளியுணர்திறனைக் குறிக்கும் ஐ.எஸ்.ஓ. 1600, லென்ஸின் துளை எஃப்/2.8, கோப்பு கேமரா பதிவு செய்த தரவை அப்படியே வைக்கும் ரா வடிவில்.

இப்படி ஒன்றல்ல, 100 படங்கள் எடுங்கள். அவற்றை விண்மீன்களின் இடம் பொருந்துமாறு அடுக்கிச் சராசரி காணும் சிரில், டீப்ஸ்கைஸ்டேக்கர் போன்ற மென்பொருள்கள் இலவசமாகவே கிடைக்கின்றன. அப்படிப் பொருத்தியபின் நெபுலாவின் ஒளி எல்லாப் படங்களிலும் ஒரே இடத்தில் விழும்; படத்தைப் பொரிபொரியாகக் காட்டும் இரைச்சலோ ஒவ்வொன்றிலும் வெவ்வேறாகச் சிதறும். ஆகவே 100 படங்களை அடுக்கினால் இரைச்சல் பத்தில் ஒரு பங்காகக் குறைகிறது. முடிவில் லென்ஸை மூடி, அதே நேர அளவில், கேமரா அதே வெப்பத்தில் இருக்கும்போதே 20 இருட்டுப் படங்களும் எடுத்துவிடுங்கள். நம் ஊர் வெப்பத்தில் கேமராவின் ஒளி உணரியில் தோன்றும் போலிப் புள்ளிகளைக் கழிக்க அவை மிகவும் உதவும்.

வண்ணத்தைப் பற்றிய உங்கள் ஐயம் முழுக்கத் தவறும் அல்ல. ஹப்பிள் தொலைநோக்கியின் புகழ்பெற்ற படங்கள் சிலவற்றில் கந்தகத்தின் ஒளிக்குச் சிவப்பும் ஹைட்ரஜனுக்குப் பச்சையும் ஆக்சிஜனுக்கு நீலமும் ஒதுக்கியிருப்பார்கள். அதை அவர்களே சொல்லிவிடுகிறார்கள். வாயுக்களைப் பிரித்தறிய அது தேவை. உணரியில் விழுந்த ஒளியை எவ்வளவு வேண்டுமானாலும் வெளிக்கொணரலாம். விழாத ஒளியைச் சேர்க்கக்கூடாது. கோபுரத்தின் மேல் வேறொரு இரவின் நிலவைப் பெரிதாக்கி ஒட்டிவிட்டு, அதைச் சொல்லாமல் வெளியிடுவதை என்னால் ஏற்க முடியவில்லை. உங்கள் கேமராவின் வடிகட்டி அந்த ஹைட்ரஜன் சிவப்பில் பெரும்பகுதியைத் தடுத்துவிடும் என்பதால் உங்கள் நெபுலா வெளிர் இளஞ்சிவப்பாகவே வரும். அதை அப்படியே விடுங்கள்.

வடகிழக்குப் பருவமழை மேகங்கள் விலகியபின், பிப்ரவரி நடுவில், நிலவில்லாத இரவில் 8 மணியளவில் ஓரியன் ஏறக்குறைய உச்சிக்கு வந்திருக்கும். தெருவிளக்கின் ஒளி மிகக் குறைவாகப் படியும் இடமும் அதுவே. முடித்த படத்தோடு, அடுக்குவதற்கு முந்திய ஒற்றைப் படம் ஒன்றையும் எனக்கு அனுப்புங்கள்.

அன்புடன்.