தொட்டிக்கு 5 கிராம், புகைபோக்கிக்கு 30 கிலோ: அமில மழைக்கு மருந்து எங்கே போட வேண்டும்?

வாசகர் கேள்வி: நிலக்கரி அனல் மின் நிலையத்திலிருந்து 6 கிலோமீட்டர் தள்ளிக் குடியிருக்கிறோம். துத்தநாகம் பூசிய தகரக் கூரையில் விழும் மழையை 1,000 லிட்டர் பிளாஸ்டிக் தொட்டியில் பிடித்துச் சமையலுக்கும் குடிக்கவும் வைத்துக்கொள்கிறோம். ஒருவர் வந்து தொட்டித் தண்ணீரில் ஒரு தாளை நனைத்தார். அது மஞ்சளானது. 'இது அமில மழை' என்று சொல்லி ஃபில்டர், கூரைப் பூச்சு, தோட்டத்து மண்ணுக்கு மருந்து மூன்றையும் வாங்கச் சொல்கிறார். செடிகளில் வெளுத்த திட்டுகள் இருப்பது உண்மைதான். வாங்கலாமா? மின் நிலையத்தின் மேல் மனு கொடுத்தால் பயன் உண்டா?

பதில்: மூன்றையும் வாங்க வேண்டாம். மனு கொடுங்கள், ஆனால் சரியான கேள்விகளோடு கொடுங்கள். அதற்கு முன் குழாயில் ஒரே ஒரு சோதனை செய்துவிடுங்கள். அது என்ன சோதனை என்பதைக் கீழே விவரமாகச் சொல்கிறேன்.

முதலில் அந்தத் தாள். சுத்தமான மழையே கொஞ்சம் புளிப்புதான். காற்றிலுள்ள கரியமில வாயு கரைவதால், எந்த ஆலையும் இல்லாத இடத்திலும் மழையின் பி.எச். (புளிப்பைக் காட்டும் எண்; 7 நடுநிலை, எண் குறையக் குறையப் புளிப்பு கூடும்) 5.6 அளவில் இருக்கும். அந்தத் தண்ணீரில் தாளை நனைத்தாலும் மஞ்சளாகத்தான் மாறும். நம்ப முடியாவிட்டால் பேட்டரிக்கு ஊற்றும் டிஸ்டில்டு வாட்டர் பாட்டில் ஒன்றைத் திறந்து கொஞ்ச நேரம் காற்றாட வையுங்கள். பிறகு வந்தவர் கண் முன்னால் அதிலேயே தாளை நனைக்கச் சொல்லுங்கள். அதுவும் மஞ்சளாகும். உப்பே இல்லாத தண்ணீரில் தாளில் ஊறிய சாயமே அளவைத் திருப்பிவிடும். ஆகவே மழைநீருக்கு அந்தத் தாள் உதவாது. லிட்மஸ் அதைவிட மோசம். பி.எச். 4.5-க்கும் 8.3-க்கும் நடுவே அது தெளிவாக எதையும் சொல்லாது.

எலெக்ட்ரோடு வைத்த மீட்டரிலும் கவனம் தேவை. பி.எச். 4, 7 கரைசல்களில் சரிபார்த்த பிறகு, எண் நிலைக்கும்வரை சில நிமிடங்கள் பொறுத்திருக்க வேண்டும். தொட்டித் தண்ணீரை அளந்து மழையைப் பற்றி முடிவு சொல்லக் கூடாது. மழை பெய்யும்போது மட்டும் திறந்து வைத்த சுத்தமான பிளாஸ்டிக் பாத்திரத்தில் பிடித்து அன்றே அளக்க வேண்டும். அப்படி அளந்தாலும் பி.எச். எண் ஒன்றை மட்டும் நம்பிவிடாதீர்கள். புழுதி அதிகமுள்ள இடத்தில் மண் தூசியிலிருக்கும் சுண்ணாம்புச் சத்து அமிலத்தை முறித்துவிடும். பி.எச். 6.5 என்று காட்டும், ஆனால் கந்தகப் புகை விட்டுப்போன சல்பேட் ஏராளமாக இருக்கும். 'எங்கள் பகுதி மழையில் அமிலமே இல்லை' என்று பி.எச். அட்டவணையை மட்டும் நீட்டும் அறிக்கைகள் இந்த இடத்தில்தான் மக்களை ஏமாற்றுகின்றன. சல்பேட், நைட்ரேட் அளவுகளைக் கேளுங்கள். அவை இல்லாத அறிக்கையைத் திருப்பிக் கொடுங்கள்.

அடுத்து ஃபில்டர். உங்கள் மழை நிஜமாகவே மோசம், பி.எச். 4 என்றே வைத்துக்கொள்வோம். 1,000 லிட்டரில் உள்ள அந்த அமிலம் முழுவதையும் முறிக்க எவ்வளவு சுண்ணாம்புக்கல் வேண்டும் தெரியுமா? 5 கிராம். ஒரு டீஸ்பூன்கூட நிறையாது. இதற்குக் கார்ட்ரிட்ஜும் வேண்டாம், ஆண்டுச் சந்தாவும் வேண்டாம். வெள்ளைப் பளிங்குச் சில்லு அல்லது சுண்ணாம்புக்கல் சில்லு, அரை சென்டிமீட்டர் முதல் ஒரு சென்டிமீட்டர் வரை உள்ளதாக 1 கிலோ வாங்குங்கள். தூசி போகக் கழுவி, நைலான் வலைப்பையில் கட்டி, தொட்டிக்குள் தண்ணீர் வந்து விழும் இடத்தில் தொங்கவிடுங்கள். வாங்கும்போதே ஒரு சில்லின் மேல் வினிகர் சொட்டு விட்டுப் பாருங்கள். நுரைத்தால் அது சுண்ணாம்புக்கல், சும்மா இருந்தால் கருங்கல் வகை. சில்லின் மேல் வழுவழுப்புப் படியும், அதனால் மூன்று மாதத்துக்கு ஒரு முறை தேய்த்துக் கழுவுங்கள்.

இங்கே ஓர் எச்சரிக்கை. சுட்ட சுண்ணாம்பையோ நீர்த்த சுண்ணாம்பையோ போட்டுவிடாதீர்கள். சுண்ணாம்புக்கல் மெதுவாகக் கரையும். திறந்த தொட்டியில் பி.எச். 8.3-ஐ ஒட்டித் தானாகவே நின்றுவிடும். சுட்ட சுண்ணாம்பு அப்படி நிற்காது, ஒரு கைப்பிடி கூடினால் 12 வரை ஏற்றிவிடும். அந்தத் தண்ணீர் வாயையும் கண்ணையும் புண்ணாக்கும்.

பி.எச். 4 தண்ணீர் குடித்தால் அமிலத்தால் கெடுதல் வருமா என்றால், வராது. எலுமிச்சைச் சாற்றின் பி.எச். 2-ஐ ஒட்டியது. பி.எச். கணக்கில் ஒரு படி இறங்கினால் அமிலம் பத்து மடங்கு, அதாவது அந்த மழையைப் போல நூறு மடங்கு புளிப்பு அது. மழையில் நனைந்தால் தோல் பொசுங்கும் என்பதும் வெறும் பயமுறுத்தல்.

அப்படியானால் கவலையே வேண்டாமா? ஓர் இடத்தில் வேண்டும். உங்கள் அமைப்பு சரியாக அந்த இடத்தில் மாட்டிக்கொள்கிறது. சிமெண்டுத் தொட்டி வைத்திருப்பவர்களுக்கு இந்தப் பிரச்சினை பெரும்பாலும் வராது. சிமெண்டுச் சுவரிலிருந்து சுண்ணாம்பு கரைந்து தண்ணீரைச் சமப்படுத்திவிடும். தகரக் கூரையிலிருந்து நேராகப் பிளாஸ்டிக் தொட்டிக்கு வரும் தண்ணீர் எங்கேயும் சுண்ணாம்பைத் தொடுவதில்லை. அமிலத்தைத் தாங்கும் திறன் அதில் துளியும் இருக்காது. ஆலையே இல்லாத ஊர் மழையும் இப்படித்தான். இந்தத் தண்ணீர் உலோகத்தைக் கண்டால் கரைத்துக் கொண்டுவரும். துத்தநாகம் கூரையிலிருந்து வரும், அது பெரும்பாலும் துவர்ப்பு தருவதோடு போய்விடும். பித்தளையிலிருந்து செம்பு வரும். உண்மையான ஆபத்து ஈயம். பழைய பித்தளைக் குழாய்த் தலை, ஈயப் பற்று வைத்த இணைப்பு, கூரை மூட்டில் அடித்த ஈயத் தகடு, பழைய ஈயப் பெயிண்ட் எல்லாம் அதைக் கொடுக்கும். இரவு முழுவதும் குழாயில் தேங்கிக் காலையில் முதலில் வரும் தண்ணீரில்தான் ஈயம் அதிகம்.

அதனால் நீங்கள் காசு செலவழிக்க வேண்டியது ஈயப் பரிசோதனைக்கு. குறைந்தது 6 மணி நேரம் குழாயைத் திறக்காமல் வைத்து, காலையில் வரும் முதல் தண்ணீரையே, ஓடவிடாமல், ஆய்வகம் தந்த பாட்டிலில் பிடியுங்கள். ஐந்து நிமிடம் ஓடவிட்டுப் பிடித்த மாதிரி பெரும்பாலும் நல்ல முடிவைத்தான் காட்டும், அப்படிப் பிடித்துத் தருகிறேன் என்பவரிடம் கொடுக்காதீர்கள். உலக சுகாதார நிறுவனத்தின் வழிகாட்டு அளவு லிட்டருக்கு 10 மைக்ரோகிராம். அதைத் தாண்டினால் குழாய்த் தலையையும் இணைப்பையும் மாற்றுங்கள். மாற்றும்வரை தேங்கிய தண்ணீரைச் செடிக்கு விட்டுவிட்டுப் பிறகு குடிக்கப் பிடியுங்கள். கிருமிக்காகக் கொதிக்க வைப்பதை நிறுத்த வேண்டாம். ஆனால் கொதிக்க வைத்தால் ஈயம் போகாது, தண்ணீர் வற்ற வற்ற அடர்த்தி கூடும். அந்தச் சுண்ணாம்புக்கல் பை உங்களுக்கு உதவுவதும் இதற்காகத்தான்: தண்ணீரின் அரிக்கும் குணம் குறையும்.

கூரைக்குப் பூச்சு வேண்டாம். மழை தகரத்தைக் கழுவிவிடுகிறது. மழை படாத இறவாணத்தின் அடிப்பக்கத்திலும், தகரம் ஒன்றன்மேல் ஒன்று ஏறும் இடத்திலும்தான் சாம்பலும் கந்தக வாயுவும் பனி ஈரத்தோடு சேர்ந்து அரிக்கின்றன. விற்க வருபவர் மேல்பக்கத்துக்குத்தான் பூச்சுப் போடுவார். நீங்கள் அந்த மறைவான இடங்களைத் தண்ணீர் அடித்துக் கழுவுங்கள். சிவப்புத் துரு கண்ட இடத்தில் மட்டும் துத்தநாகம் கலந்த பிரைமர் அடியுங்கள், அதில் ஈயம் இல்லை என்பதை டப்பாவில் பார்த்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு மழையிலும் கூரையின் ஒரு சதுர மீட்டருக்கு 1 லிட்டர் வீதம் முதல் தண்ணீரைத் தொட்டிக்குள் விடாமல் தள்ளிவிடுங்கள். உங்களைப் போலச் சாம்பல் விழும் இடத்தில் 2 லிட்டர் வீதம் தள்ளுவது நல்லது.

மண்ணுக்கு மருந்து என்பது கணக்குத் தெரியாதவர் தலையில் கட்டும் சரக்கு. ஆண்டுக்கு 1,000 மில்லிமீட்டர் மழை, எல்லாமே பி.எச். 4.5 என்றாலும், ஒரு ஹெக்டேரில் விழும் அந்த அமிலத்தை முறிக்க 16 கிலோ சுண்ணாம்புக்கல் தூள் போதும். அதே நிலத்தில் யூரியாவாக 100 கிலோ நைட்ரஜன் போட்டால், அது மண்ணில் உண்டாக்கும் அமிலத்தை முறிக்க 180 கிலோ வரை தேவைப்படும். அம்மோனியம் சல்பேட் என்றால் ஒவ்வொரு கிலோ நைட்ரஜனுக்கும் 5 கிலோவுக்கு மேல். மண் புளித்திருந்தால் முதலில் உரத்தைப் பாருங்கள். அமில மழை நிஜமாக அழித்தது, உரமே போடாத மெல்லிய மண் கொண்ட மலைக்காடுகளையும் ஏரிகளையும்தான். பல பத்தாண்டுகள் பெய்த மழை மண்ணிலிருந்த கால்சியத்தை அரித்துக் கொண்டுபோனது. பாறையில் அடைபட்டிருந்த அலுமினியம் கரைந்து மீனின் செவுள்களை அடைத்தது. பி.எச். 5-க்குக் கீழே பல மீன்களின் முட்டை பொரிக்கவில்லை. 1967-ல் சுவீடன் மண்ணியலாளர் ஸ்வான்டே ஓடேன், அந்தக் கந்தகம் எல்லை தாண்டி வருகிறது என்று எடுத்துக் காட்டிய பிறகுதான் உலகம் திரும்பிப் பார்த்தது. இத்தனைக்கும் 1872-லேயே ராபர்ட் ஆங்கஸ் ஸ்மித் என்ற வேதியியலாளர் தொழில் நகரங்களின் மழையை அளந்து 'அமில மழை' என்று பெயரே வைத்திருந்தார். கிட்டத்தட்ட நூறாண்டு சும்மா இருந்திருக்கிறார்கள்.

உங்கள் இலைத் திட்டுகள் விஷயத்துக்கு வருவோம். மழை மட்டுமே இலையைப் பொசுக்க வேண்டுமானால், பொதுவாக பி.எச். 3.5-க்கும் கீழே போக வேண்டும். 6 கிலோமீட்டரில் சந்தேகப்பட வேண்டியது மழையை அல்ல, கந்தக டை ஆக்சைடு வாயுவை. புகை தாழ்ந்து வரும் சில மணி நேரத்தில் அது இலைத் துளை வழியே உள்ளே போய், நரம்புகளுக்கு இடைப்பட்ட பகுதியை வெளுக்கவைக்கும், நரம்பு மட்டும் பச்சையாக நிற்கும். புல் வகைகளில் நுனி வெளுக்கும். ஒரே நாளில், காற்று வந்த பக்கத்துச் செடிகள் பலவற்றில், பல இனங்களில் சேர்ந்து தெரிந்தால் வாயுவாகவே இருக்கலாம். ஒரே இனத்தில் மட்டும் மெதுவாகப் பரவினால் பூச்சியோ பூஞ்சையோ.

இப்போது மனு. 1 டன் நிலக்கரியில் 1% கந்தகம் என்றால் 10 கிலோ கந்தகம். எரிந்தால் 20 கிலோ கந்தக டை ஆக்சைடு, அது காற்றில் முழுக்க மாறினால் 30 கிலோ கந்தக அமிலம். அதை முறிக்கவும் ஏறக்குறைய அதே எடைச் சுண்ணாம்புக்கல் வேண்டும். தினம் 5,000 டன் எரிக்கும் நிலையம், சாம்பலில் தங்கும் சிறு பங்கு போக, 100 டன்னை நெருங்கிய வாயுவை வெளியே விடும். புகைபோக்கியின் அடியிலேயே சுண்ணாம்புக்கல் குழம்பைத் தெளித்துக் கழுவினால் இதில் 95% வரை பிடிபட்டு ஜிப்சமாகிவிடும். தொழில்நுட்பம் பல பத்தாண்டுப் பழசு. ஆனாலும் கெடு வைப்பதும், கெடு முடியுமுன் நீட்டிப்பதும், நீட்டித்ததை மறுபடி நீட்டிப்பதுமாகக் காலம் ஓடுகிறது. மூச்சு விடுகிறவர்களுக்கு இப்படித் தவணை கிடைப்பதில்லை.

மூன்று சாக்குகள் வரும். 'எங்கள் புகைபோக்கி உயரம்' என்பது முதல் சாக்கு. கனடாவின் சட்பரியில் 1972-ல் 381 மீட்டருக்குக் கட்டினார்கள். ஊர்க் காற்று தேறியது, கந்தகம் வெகுதூரம் போய் அடுத்தவர் ஏரியில் விழுந்தது. 'எங்கள் நிலக்கரியில் கந்தகம் குறைவு' என்பது இரண்டாவது. கிலோவுக்கு 3,500 கிலோகலோரி தரும் 0.5% நிலக்கரியும் 6,500 தரும் 1% நிலக்கரியும், ஒரு யூனிட் மின்சாரத்துக்கு விடும் கந்தகத்தில் கிட்டத்தட்ட சமம். சதவீதத்தைக் கேட்காதீர்கள், ஒரு யூனிட்டுக்கு எத்தனை கிராம் என்று கேளுங்கள். 'வரம்புக்குள்தான் இருக்கிறோம்' என்பது மூன்றாவது. புகையில் வெறுங்காற்றைக் கலந்தாலே கன மீட்டருக்கான மில்லிகிராம் குறைந்துவிடும். அந்த எண் 6% ஆக்ஸிஜன் அளவுக்குத் திருத்தப்பட்டதா, அதாவது கலந்த காற்றைக் கழித்துக் கணக்கிட்டதா என்று எழுத்தில் கேளுங்கள்.

எது வேலை செய்யும் என்பதற்கும் சான்று உண்டு. 1985-ல் ஹெல்சின்கி உடன்படிக்கையில் பல நாடுகள் கந்தகத்தை 30% குறைப்பதாக ஒப்புக்கொண்டன. சுவீடனுக்கும் நார்வேக்கும் கந்தகம் அனுப்பிக்கொண்டிருந்த பிரிட்டன் கையெழுத்தே போடவில்லை. அமெரிக்கா 1990-ல் சட்டத்தைத் திருத்தி, மின் நிலையங்கள் எல்லாவற்றுக்கும் சேர்த்து ஆண்டுக்கு 89.5 லட்சம் டன் என்று உச்சவரம்பு வைத்தது. ஒவ்வொரு டன்னுக்கும் ஓர் அனுமதிச் சீட்டு. மிச்சம் பிடித்தவர் மற்றவருக்கு விற்கலாம். அது பலித்ததற்குக் காரணம் சீட்டு வியாபாரம் மட்டுமல்ல. ஒவ்வொரு புகைபோக்கியிலும் தொடர் அளவுக் கருவி கட்டாயம், மிஞ்சிய ஒவ்வொரு டன்னுக்கும் பேச்சுக்கே இடமில்லாமல் அபராதம். கருவியும் தானியங்கி அபராதமும் இல்லாமல் வெறும் வரம்பு எண்ணை மட்டும் அறிவிப்பது காகிதத்தோடு முடிந்துவிடும்.

ஆகவே 'மாசு தாங்க முடியவில்லை' என்று பொதுவாக எழுதாதீர்கள், அதற்கு ஒரு வரிப் பதில்தான் வரும். இலை வெளுத்த தேதி, நேரம், காற்று வந்த திசை, அளவுகோல் பக்கத்தில் வைத்து எடுத்த படம், பாதித்த செடிகளின் பெயர் இவற்றைக் குறித்து, அண்டை வீட்டாரின் குறிப்புகளையும் சேருங்கள். அந்தத் தேதியின் மணிவாரி கந்தக டை ஆக்சைடு அளவைக் கேளுங்கள். மாதச் சராசரி கொடுத்தால் ஏற்க வேண்டாம், உங்கள் செடியைப் பொசுக்கிய இரண்டு மணி நேரம் சராசரிக்குள் மறைந்துபோகும். கழுவும் கருவி இருந்தால், அதைச் சுற்றிப் போகும் மாற்றுப் புகைவழி அன்று எத்தனை மணி நேரம் திறந்திருந்தது, அந்த மாதம் எத்தனை டன் சுண்ணாம்புக்கல் வாங்கினார்கள், எத்தனை டன் ஜிப்சம் வெளியே போனது என்றும் கேளுங்கள். தினம் 50 டன் கந்தகம் எரிக்கும் நிலையம் கருவியை ஒழுங்காக ஓட்டினால் நாளொன்றுக்கு ஏறக்குறைய 250 டன் ஜிப்சம் வந்தாக வேண்டும். லாரிக் கணக்கில் அது இல்லையென்றால் கருவி ஓடவில்லை.